நூற்றுத் தொண்ணூற்றோராவது பெயர்

மதம் மாற்ற வந்திருக்கிறாய் என்றுதான்
முதலில் நினைத்தேன், சுகிர்தம்.
தகரக் கொட்டிலுக்குள் குனிந்து வந்தாய்,
கழுத்தில் போதகர்மாரின் வெள்ளைப் பட்டி,
காலில் வார் அறுந்த பாட்டா,
கையில் மாங்குளம் சந்தியில் வாங்கிய ஒரு றாத்தல் பாண்.
ஜெபம் முடிந்ததும் ஆமென் சொல்ல வாய் வராமல்
அரோகரா என்றுவிட்டேன்.
நீ சிரிக்கவில்லை.
"ஆருக்குச் சொன்னாலும் போய்ச் சேரும், பூமலரக்கா"
என்று பாணைப் பிய்த்தாய்.

கரிப்பட்டமுறிப்பில் உனக்கு ஒரு சின்னக் கோயில்.
பாதிக் கூரை தறப்பாள்.
ஞாயிற்றுக்கிழமைக்குப் பதினொரு பேர்.
மிச்ச ஆறு நாளும் எங்கட பந்தலில் இருந்தாய்,
ஒட்டுசுட்டான் பிரதேச செயலகத்துக்கு எதிரே,
பிள்ளைகளின் படங்களில் படிந்த புழுதியைத்
துடைத்துத் துடைத்து.

கொப்பி முடிந்த நாளில்
கோயிலின் ஞானஸ்நானப் பதிவேட்டைத் தூக்கி வந்தாய்.
பெயர், தகப்பன் பெயர், பிறந்த திகதி,
எல்லாக் கட்டமும் எங்களுக்குப் பொருந்தியது.
கடைசிக் கட்டத்தில் 'ஞானஸ்நானம் பெற்ற நாள்' என்றிருந்ததை
ஒற்றைக் கோட்டால் வெட்டி
'கடைசியாகக் கண்ட இடம்' என்று எழுதினாய்.
என் பிள்ளை நூற்றுத் தொண்ணூற்றோராவது.
நிரோஜன். வட்டுவாகல் பாலத்தடி.
அதற்கு மேல் எழுத என்ன இருந்தது.

கட்சிக்காரர் வந்த பின்னேரம் மழை இருட்டு.
மாகாண சபைக்கு ஒரு பெண் வேண்டுமாம்,
சனம் அறிந்த முகம் வேண்டுமாம்.
மூன்று நாள் பிந்திப் பேராயரின் கடிதம்:
ஒன்றில் பட்டி, ஒன்றில் பதவி.
நீ எங்களிடம்தான் கேட்டாய்.
பதினான்கு பேர் போ என்றார்கள்.
நான் மட்டும் வேண்டாம் என்றேன்.
"அங்க போறவை கதிரையைத்தான் கண்டுபிடிக்கிறவை,
காணாமல் போனவையை இல்லை."
அன்றிரவு பந்தலிலேயே படுத்தாய்,
எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.
விடிய எழும்பிப் பட்டியைக் கழற்றினாய்.
பதிவேட்டுக்குள் பக்க அடையாளமாகச் செருகினாய்.

உன் விருப்பிலக்கம் ஏழு.
துண்டுப்பிரசுரம் கொடுக்க நான் வரவில்லை.
வாக்குச் சாவடி மறைப்புக்குள்
எவ்வளவு நேரம் நின்றேன் என்றும்
எதற்குப் புள்ளடி போட்டேன் என்றும்
இன்றுவரை நீ கேட்கவில்லை,
நானும் சொல்லவில்லை.
சத்தியப்பிரமாணத்துக்குப் பந்தல் முழுக்க வான் பிடித்துப் போனது.
நான் படங்களுக்குக் காவல் இருந்தேன்.

முதல் அமர்வில் உனக்குக் கிடைத்தது கொஞ்ச நேரம்.
குளக்கட்டு, யானை வேலி, இரவில் ஓடாத பஸ்,
பேச வேண்டியவைதான், பேசினாய்.
மிச்சத்தில் பதிவேட்டைத் திறந்தாய்.
மூன்றாவது பெயரில் மணி அடித்தது.
நிகழ்ச்சிநிரலில் இது இல்லை என்றார் அவைத்தலைவர்.
அடுத்த மாதம்
நாலாவது பெயரில் தொடங்கினாய்.

இப்ப எல்லாருக்கும் நீ உறுப்பினர் அம்மா.
வாகனத்தைச் சந்தியிலேயே விட்டுவிட்டு நடந்து வருகிறாய்;
எங்கள்மேல் புழுதி படக்கூடாது என்றா,
வாகனம் எங்கள் கண்ணில் படக்கூடாது என்றா,
தெரியாது.
கொழும்பில் கதைத்தாயிற்று என்று இரண்டு தரம் பொய்யும் சொன்னாய்.
பிரசங்கத்தில் பழகிய குரல் நம்பச் சொன்னது,
உன் கை சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தது.

நேற்று, மற்றவர்கள் தேத்தண்ணிக்குப் போன நேரம் பார்த்து,
"அக்கா, நிரோஜன்ர பெயரை
இந்த மாதமே வாசிக்கட்டோ?" என்றாய்.

கணக்குப் பார்க்காமல் இருப்பேனா.
மாதம் ஓர் அமர்வு, அமர்வுக்கு மூன்று பெயர்,
ஐந்து வருசத்துக்கு நூற்றெண்பது.
என் பிள்ளை வருவது அறுபத்து நாலாம் அமர்வில்,
உன் காலம் முடிந்து நாலாம் மாதம்.

முன்னுக்கு நிற்கிற தாய்மார் என்ன சொல்லுவினம்?
அவன் வரிசையில் வரட்டும், சுகிர்தம்.
அடுத்த முறை
துண்டுப்பிரசுரம் எத்தனை கட்டு அடிப்பாய் என்று மட்டும் சொல்.
கரிப்பட்டமுறிப்புப் பக்கம் நான் கொடுக்கிறேன்.